சோர்வுக்குக் காரணம் கத்தி அல்ல

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பச்சை அங்கியில் ஒரு பெண் வெளியே வந்தால், காத்திருக்கும் உறவினர்கள் 'சிஸ்டர், டாக்டர் எங்கே?' என்று கேட்பது இன்றும் சகஜம்.

டாக்டர் டி.எஸ்.கனகா இந்தத் துறைக்கு வந்த காலத்தில் நிலைமை இதைவிடக் கடினம். 1954-ல் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் கிடைத்தது 1963-ல்தான். 1968-ல் எம்.சி.எச். முடித்து, இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணரானார். சென்னையில் டாக்டர்கள் பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்பிரமணியம் ஆகியோருடன் பணியாற்றி, மூளையின் ஆழத்தில் ஓர் இடத்தைத் துல்லியமாகக் குறிவைக்கும் ஆபரேஷன்களில் பெயர் பெற்றார். 2018-ல் காலமானார்.

ஆனாலும் 'பெண்களால் இந்த வேலையில் தாக்குப்பிடிக்க முடியாது' என்ற வாதம் ஓயவில்லை. அமெரிக்காவில் பயிற்சி பெறும் 7,409 அறுவை டாக்டர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வாரம் ஒருமுறையாவது மனச்சோர்வை உணர்ந்த ஆண்கள் 35.9 சதவீதம், பெண்கள் 42.4 சதவீதம். வாதம் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. பெண்களில் 65 சதவீதம் பேர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்திருந்தனர். பாகுபாடு, வசவு, பாலியல் சீண்டல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இருபாலருக்கும் இடையிலான வித்தியாசம் மறைந்துவிட்டது. களைப்பைக் கூட்டியது கத்தி அல்ல, கூட இருந்தவர்கள்.

திறமையிலும் குறையில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வில், பெண் நிபுணர்கள் ஆபரேஷன் செய்தவர்களுக்கு 90 நாளுக்குள் சிக்கல் வந்தது 12.5 சதவீதம், ஆண்கள் செய்தவர்களுக்கு 13.9 சதவீதம்.

இங்கே பாகுபாட்டோடு டூட்டி நேரமும் சேர்ந்துகொள்கிறது. பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உத்தரவிட்டது. காகிதத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் அறையில் ஓய்வெடுத்த முதுநிலை மாணவி பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் அறுவைப் பிரிவைச் சேர்ந்தவரல்ல. ஆனால் தாளிட்டுப் படுக்க ஓர் அறை இல்லாத நிலை எல்லாப் பிரிவுக்கும் பொது. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. 48 என்ற பழைய எண்ணைவிட இது 26 மணி நேரம் அதிகம்.

பெண்களுக்கு மனஉறுதி வகுப்பு எடுப்பது சுலபம். டூட்டி அட்டவணையைத் திருத்துவதும், ஓய்வறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும், சீண்டும் சீனியர் மீது நடவடிக்கை எடுப்பதும்தான் நிர்வாகங்களுக்குக் கடினமாக இருக்கிறது.