முட்டை ஓட்டிலிருந்து தாடை எலும்புக்கு

பல்லைப் பிடுங்கினால் புண் சீக்கிரம் ஆறிவிடும். எலும்பு கரைவது மட்டும் நிற்காது. வேரைப் பிடித்திருந்த மெல்லிய எலும்புக்குப் பல் இருக்கும்வரைதான் வேலை. முன்பற்களின் உதட்டுப்பக்கச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. முதலில் கரைவது அதுதான். டென்மார்க்கில் ஷ்ராப் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் தாடை மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. பிறகு செயற்கைப் பல்லைத் தாங்கும் இம்ப்ளான்ட் திருகப் போனால் பிடிமானம் போதாது.

அதனால் பல்லை எடுத்த கையோடு குழியில் எலும்புத் தூள் நிரப்புகிறார்கள். அதிகம் புழங்குவது மாட்டெலும்புத் தூள். விலை கூடுதல், மாடு என்றாலே வேண்டாம் என்பவர்களும் உண்டு.

தினமும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்பும் நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே மாற்று முயற்சி நடந்ததில் வியப்பில்லை. முட்டை ஓட்டில் சுமார் 94 விழுக்காடு கால்சியம் கார்பனேட். 900 டிகிரியில் சுட்டால் சவ்வும் புரதமும் எரிந்து, கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு மிஞ்சும். அதோடு பாஸ்பேட் சேர்த்தால் ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பின் கனிமமும் அதே இனம்தான். சேலம் பெரியார் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் ஜி. சுரேஷ் குமார், ஈ. கே. கிரிஜா உள்ளிட்டோர் இதை மைக்ரோவேவ் உதவியோடு செய்து 2012இல் வெளியிட்டார்கள். நுண்ணோக்கியில் அந்தத் தூள் பூப்பூவாய்த் தெரிந்தது.

தூள் செய்வதைவிடச் சோதிப்பதுதான் கடினம். எக்ஸ்ரேயில் எலும்பும் வெள்ளை, தூளும் வெள்ளை. குழி நிறைந்திருப்பதைப் பார்த்து எலும்பு வளர்ந்துவிட்டதாக நம்பினால் ஏமாறுவோம். நான்கைந்து மாதம் கழித்து இம்ப்ளான்டுக்குத் துளையிடும்போது, குழல் வடிவத் துளைக்கருவியால் சிறு துண்டு எடுத்து, சாயமேற்றிப் பார்ப்பார்கள்: புது எலும்பு எவ்வளவு, கரையாத தூள் எவ்வளவு, வெறும் நார்த்திசு எவ்வளவு? எதுவும் நிரப்பாத குழியோடு ஒப்பிடுவதும் அவசியம். ஏனென்றால் வெறும் குழியிலும் ரத்தம் உறைந்து, உள்ளே எலும்பு தானாகவே வளரும். தூளிடம் நாம் கேட்பது வெளி அகலத்தைக் காப்பாற்றும் வேலையை. வேகமாகக் கரைந்தால் மேடு சரியும். கரையாமலே கிடந்தால் எலும்புக்கு இடமில்லை.

முட்டை ஓட்டுத் தூள் மனிதத் தாடைக்குள்ளும் போயிருக்கிறது. மேல்தாடை நீர்க்கட்டி எடுத்த குழிகளில் அதை நிரப்பிய குண்டூர் பல் மருத்துவர்களின் முதற்கட்ட அறிக்கை 2014இல் வந்தது. ஆனால் கட்டிக் குழிக்குப் பெரும்பாலும் சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்கும். பல்குழியில் அந்த மெல்லிய வெளிச்சுவரே முதலில் கரைவதால், அங்கே கிடைத்த பலனை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.