உங்களுக்குத் தெரியுமா? உப்பு வண்டி முதல் கேரவன் வரை

வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாழ்வது தமிழருக்குப் புதிதில்லை. சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள் குடும்பத்தோடுதான் நெடுவழி போனார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியை அப்படியே பார்க்கலாம். வாசலில் கோழிக்கூடு, முன்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கும் காடிப் பானை, கைக்குழந்தையோடு எருதை ஓட்டும் பெண். அடுப்படியும் தொட்டிலும் கூடவே பயணம் போயிருக்கின்றன!

ஸ்டெப்னிக்கும் நம்மிடம் பழைய சான்று உண்டு. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஒரு வீரனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

செட்டிநாட்டையும் பழனியையும் இணைத்ததும் உப்புதான். 17-ஆம் நூற்றாண்டில் பழனியில் உப்பு வணிகம் செய்த குமரப்பச் செட்டியாரிலிருந்து செட்டிநாட்டு நகரத்தாரின் பழனி உறவு தொடங்குவதாக மரபு.

இன்றும் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கின்றன. காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பூசம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவதில்லை. காவடியோடு நடந்தே ஊர் திரும்புகிறார்கள்.

மறுபடி வண்டிக்கு வருவோம். மாட்டு வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டா எப்படிக் கழலாமல் நிற்கிறது? ஆணி மட்டும் போதாது. சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகப் பட்டாவைச் செய்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு விரியும். சூட்டோடு மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றினால், புகை கிளம்ப அது சுருங்கி, ஆரக்கால்களையும் குடத்தையும் ஒருசேர இறுக்கிப் பிடிக்கும். கோடையில் மரம் வற்றினால் பட்டா ஆட்டம் காணும். அப்போது சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பி மறுபடி இறுகிவிடும்.

அச்சு தேயாமலிருக்க வண்டி மை: வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. நெடும்பயணத்தில் அதை மறந்தவர் பாதி வழியில் நின்றார்.

வண்டிக்காரர்கள் மிகவும் அஞ்சியது பின்பாரம். மூட்டைகளைப் பின்னால் குவித்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். வண்டி குடைசாய்ந்தாலும் ஆச்சரியமில்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இன்றைய கேரவனுக்கும் இதே கணக்குத்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளிந்து, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். தண்ணீர் டாங்க், காஸ் சிலிண்டர், பாத்திரங்கள் எல்லாவற்றையும் இடம் பார்த்து வையுங்கள்.

பழைய வேனை வாங்கி வீடாக மாற்ற ஆசையா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முதலில் படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றிவிட முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே தச்சரைக் கூப்பிடுங்கள்.

தை மாதத்தில் நத்தம், திண்டுக்கல் சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியற்காலை இருட்டில் காவடிகள் சாலையோரம் நடந்துகொண்டிருக்கும். வேகத்தைக் குறையுங்கள், எதிரே ஆள் தெரிந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். நடப்பவர்களும் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.