முனையிலிருந்து வில்லுக்கு

கைக்கருவிகள் – 11

இரவில் யார் கண்ணிலும் படாமல் கொல்லன் பட்டறைக்கு வருவார்கள். ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே ஓர் இலையும் தொங்கும். அம்பின் அலகு எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் நறுக்கிய இலை. கொல்லன் அதைப் பார்த்து இரும்பை அடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் மறுபடியும் இறைச்சி வரும். அடிக்காமல் விட்டால் ஏதாவதோர் இரவில் அவனைத் தேடி அம்பு வரும்.

வேடர்களைப் பற்றி ரொபர்ட் நொக்ஸ் எழுதியது இது. அவருடைய நூல் 1681-இல் லண்டனில் வெளிவந்தது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறையிருந்தவர், 1679-இல் மல்வத்து ஓயாவை ஒட்டியே காட்டு வழியில் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தார். நம்முடைய வில்பத்துக் காட்டுக்குக் கொஞ்சம் வடக்கே போகிற வழி. வேடன் தன் வில்லைத் தானே செய்துகொண்டான். பிறர் கையை எதிர்பார்த்தது அலகுக்கு மட்டும்தான். அதற்காகத்தான் இறைச்சியைச் சுமந்துகொண்டு இருட்டில் காட்டைவிட்டு இறங்கினான்.

போன மாதம் கனடாவிலிருந்து நம்ம கற்பிட்டிப் பிள்ளை ஒருவன் அழைத்தான். ஒன்ராறியோவில் வேலை. கூட வேலை செய்பவர்கள் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறார்களாம், வில்லோடு. இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. “மாமா, எழுபது இறாத்தல் வில்லொண்டு மலிவா வந்திருக்கு. வாங்கட்டா?” என்றான். முதல் வில் வாங்கப் போகிற எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்: எத்தனை இறாத்தல்? துவக்கைப் பார்த்துப் பழகிய கண், வில்லிலும் வெடியின் பலத்தைத் தேடுகிறது. “வில்ல விடு, அம்புக்கு என்ன முனை போடப் போற?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானை வீழ்த்தப் போதுமான ஓர் அம்பு, சாதாரண வில்லிலிருந்து நொடிக்குச் சுமார் 180 அடி வேகத்தில் போகும். அதிலுள்ள ஆற்றல், அணில் சுடப் பயன்படுத்தும் .22 தோட்டாவின் ஆற்றலில் மூன்றிலொரு பங்களவே. அப்படியானால் மான் எப்படி விழுகிறது? தோட்டா மோதி நொறுக்குகிறது. அம்போ வெட்டிக்கொண்டு போகிறது. சவர அலகுபோல் கூரான முனை நுரையீரலை ஊடுருவி மறுபுறம் வெளியேறினால் மான் சில நொடிகள் ஓடும், பிறகு படுத்துவிடும். அதே அம்பில் மழுங்கிய முனை இருந்தால், எழுபது இறாத்தல் வில்லில் தொடுத்தாலும் காயப்பட்ட மான் ஒன்று எங்கோ புதருக்குள் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

இந்த வேறுபாடு நம் புத்தளத்துப் பள்ளிவாசல் திண்ணைகளில் ஓதிப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அதீ இப்னு ஹாதிம் என்ற நபித்தோழர் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த விடையை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். எய்த கருவியின் கூர் பட்டு இறந்தது உண்ணத் தக்கது. அதன் அகலப் பக்கம் மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததைச் சேரும், உண்ணக் கூடாது. மார்க்கச் சட்டமாக மட்டுமே இதைப் படித்தவர்கள் ஒருமுறை வில்லாளியின் கண்ணாலும் படித்துப் பார்க்கலாம். ஒன்ராறியோ அரசின் வேட்டை விதியும் இதே இடத்துக்குத்தான் வருகிறது: முனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலம், அதில் குறைந்தது இரண்டு கூரிய வெட்டு விளிம்புகள். வில்லின் இழுவிசைக்கு அங்கே மானுக்கென்று வைத்திருக்கும் கீழெல்லை 18 கிலோ, ஏறத்தாழ 40 இறாத்தல். எழுபதை யாரும் கேட்கவில்லை.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்துப் போனதாகப் புறநானூறு பாடுகிறது. வன்பரணர் ஓரியிடம் பரிசில் வாங்கிய புலவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அம்பு ஊடுருவி வெளியே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முனைக்கு அடுத்தது தூரம். அறுபது அடிக்கு அப்பால் நிற்கும் மானை நோக்கி அம்பை விடுகிறீர்கள். அம்பு போய்ச்சேர ஒரு நொடியில் மூன்றிலொரு பங்கு ஆகும். நாண் அதிரும் ஓசையோ நொடியில் இருபதிலொரு பங்கில் மானின் காதுக்குப் போய்விடும். பாய்வதற்காக மான் முதலில் கால்களை மடக்கித் தாழும், அம்பு முதுகுக்கு மேலால் போகும். நுரையீரலுக்குக் குறிவைத்தது முதுகுத்தசையில் பட்டால் இன்னும் மோசம். தூரத்தை இரட்டிப்பாக்கினால் பிழையும் பலமடங்காகும். ஆகவே, வில் வேட்டை என்பது பெரும்பாலும் நெருங்குகிற வேலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காலடியில் சருகு எப்படி, மான் எப்போது தலையைத் தூக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். வேடர்களோடு பழகி எழுதிய வெள்ளைக்காரர்கள் பலர், தூரக்குறி அடிப்பதில் அவர்கள் அப்படியொன்றும் சூரர்கள் இல்லையே என்று ஏமாந்து எழுதியிருக்கிறார்கள். சில அடிகளுக்குள் ஓசையின்றிப் போய்ச் சேரத் தெரிந்தவனுக்குத் தூரக்குறி எதற்கு?

அமெரிக்காவில் இன்றைய வில் வேட்டை பரவியதற்கும் ஒரு காட்டுமனிதர்தான் காரணம். யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சிய இஷி, 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே வெளிப்பட்டார். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் பழகினார். இஷி 1916-இல் இறந்தார். போப் 1923-இல் எழுதிய நூலைப் படித்துத்தான் ஒரு தலைமுறை வில்லெடுத்தது.

இப்போது தோளுக்கு வருவோம். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை நேராக முன்னால் பிடித்து, முகத்தருகே வரை நாணை இழுங்கள். மெதுவாகப் பத்து எண்ணும் வரை கை நடுங்காமல் நிற்கிறதா? வானத்தை நோக்கி வில்லைத் தூக்கி இழுத்துத்தான் கீழே கொண்டுவர முடிகிறது என்றால் அந்த வில் உங்களுக்குக் கனம். வேட்டையில் அந்த ஒரு தூக்கலே மானை விரட்டிவிடும். வளர்ந்த ஆணுக்கு 30, 35 இறாத்தலில் தொடங்குவது நல்லது. கழற்றிப் பூட்டும் வில்லாக வாங்கினால், தோள் தேறியதும் கைப்பிடியை வைத்துக்கொண்டு அதன் இருபுறத்துச் சிறகுகளை மட்டும் மாற்றி 40, 45-க்குப் போகலாம். வில்லில் பொறித்திருக்கும் இறாத்தல் 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. இரண்டு கைகளையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு ஏறத்தாழ வந்துவிடும். அது 28-க்குக் குறைந்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு மூன்று இறாத்தல் குறையும்.

கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில் வேறு கதை. மிசூரிக்காரரான ஹொலெஸ் அலன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1969-இல். முழுதாக இழுத்த பிறகு கப்பி பாரத்தை வாங்கிக்கொள்ளும். 50 இறாத்தல் வில்லைப் பிடித்து நிற்கும்போது கையில் 10, 15 இறாத்தல் பாரம்தான் மிஞ்சும். குறிபார்க்கத் தாராளமான நேரம் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு மலிவாக வந்ததும் இந்த வகைதான். ஆனால், இழுப்பு நீளத்தை ஆளுக்கேற்ப அமைத்துத் தர வேண்டிய கருவி அது. வேறொருவர் உடம்புக்கு அமைத்த பழையதை மலிவென்று வாங்கினால் அதைச் சரிப்படுத்துவதற்கே மிச்சம் பிடித்த காசு போய்விடும். எனக்கு மரவில்தான் பிடிக்கும். என் விருப்பத்தைப் பிறர்மேல் திணிக்க மாட்டேன்.

அம்புத்தண்டையும் வில்லுக்கேற்ற விறைப்பில் பார்த்து எடுக்க வேண்டும். விடும்போது அது வில்லைச் சுற்றி வளைந்து நிமிர்ந்துதான் போகிறது. விறைப்புப் பொருந்தாவிட்டால் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் பக்கவாட்டில் இழுக்கும். அம்பைத் தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து ஒருபோதும் கையை விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே அடித்துச் சிறகு பிளந்துவிடும்.

“இங்க புத்தளத்தில பழகலாமா?” என்று கேட்கும் தம்பிகளுக்கு: குறிப்பலகையில் பழகலாம். வேட்டைக்கு என்று வாங்காதீர்கள். 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. கையிலிருப்பது துவக்கா வில்லா என்பது அங்கே பொருட்டல்ல. எழுவன்குளத்துக்கு அப்பால் வில்பத்து, 1938 முதல் தேசியப் பூங்கா. வேடர்களுக்கே அந்த நிலைதான். 1983-இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கியபோது தம்பானை வேடர்களின் வேட்டைக் காடு எல்லைக்கு உள்ளே போய்விட்டது. இன்று அங்கே போகிறவர்களுக்கு வில்லை வளைத்துக் காட்டுகிறார்கள்.

பழகுகிறவர்கள் கற்பிட்டிப் பக்கம் என்றால் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டத்தைப் பூட்டிக் கடலில் ஓடும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வருகிற அதே சோளகக் காற்று, இறகு கட்டிய அம்பையும் இழுத்துக்கொண்டு போகும். குறிப்பலகைக்குப் பின்னால் மண்மேடு அவசியம். தென்னந்தோப்பு வெறிச்சென்றுதானே கிடக்கிறது என்று விடாதீர்கள். நம்ம ஊர்க் கழுதைகள் எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வில்லால் செத்த மிருகம் இன்று நம் மாவட்டத்துக் காட்டில் இராது. இங்கே கொல்வது கட்டுத்துவக்கும் சுருக்குக் கம்பியும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியான ஹக்கபட்டாஸும். பன்றிக்கென்று வைத்த ஹக்கபட்டாஸை யானைக் குட்டி கடிக்கிறது. வாய் கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்றே சாகிறது. வைத்தவன் அந்நேரம் வீட்டில் நித்திரை. எது வாயை வைத்தது என்று பார்க்கக்கூட அவன் அங்கே இருக்க வேண்டியதில்லை.

கனடாப் பிள்ளை எழுபது இறாத்தலை விட்டுவிட்டு 35-இல் கழற்றிப் பூட்டும் வில்லொன்று எடுத்திருக்கிறான். இந்த ஆண்டு குறிப்பலகை மட்டும்தான். வேட்டைக்கு அங்கே முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் தேற வேண்டும், பிறகுதான் அனுமதிப்பத்திரம்.

அடுத்த வாரம் சுருக்குக் கம்பி.