சென்னை – ஜித்தா: ஆகாயத்தில் ஆறு மணி நேரம்

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஆகாய வழியில் சுமார் 4,400 கிலோமீட்டர். எங்கும் நில்லாது செல்லும் விமானம் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. ஆயினும் சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் ஜித்தாவில் இறங்குகையில், அங்குள்ள கடிகாரம் பிற்பகல் 1.30 என்றே காட்டும். ஸவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது.

நம் முன்னோர் பம்பாய் சென்று கப்பலேறி, நாட்கணக்கில் கடலில் மிதந்து ஜித்தாவை அடைந்தனர். அந்தக் கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. யமன் திசையிலிருந்து வருவோருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிர்ணயித்த எல்லை யலம்லம். கப்பல் அதற்கு நேராக வருமுன் குளித்து, இஹ்ராம் உடுத்தி, நிய்யத் செய்ய ஹாஜிகளுக்குத் தாராளமாக அவகாசம் இருந்தது.

விமானமோ நிமிடத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் பறக்கிறது. பெரும்பாலும் அது அரபு தீபகற்பத்தின் மேலாகக் கிழக்கிலிருந்து வந்து, தாயிஃபை அடுத்த கர்னுல் மனாஸில் எல்லையையோ அதன் நேர்கோட்டையோ கடந்த பிறகே ஜித்தாவில் இறங்குகிறது. அவ்வெல்லை கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும். விமானத்தில் முன்கூட்டியே அறிவிப்பார்கள்தான். உறங்குகிறவர் காதில் அது விழ வேண்டுமே! ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்றிருப்பவர், பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்புப்படி, மீக்காத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இல்லையேல் ஆடறுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். ஆகவே வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு, மீக்காத் நெருங்குகையில் நிய்யத்தும் தல்பியாவும் சொல்வதே பத்திரமான வழி. துணியைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பிவிட்டால், வேண்டிய நேரத்தில் அது கைக்கு எட்டாது. பெண்களுக்குத் தனி உடை இல்லையாதலால் நிய்யத் ஒன்றே கவனிக்க வேண்டியது. முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமில்லை. அவர்கள் அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிவார்கள்.

ரமளான் உம்ராவுக்குச் செல்வோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். இரு நகரங்களுக்கும் இடையே 41 பாகை தீர்க்கரேகை வித்தியாசம் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக, சூரியன் மறைவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி தாமதமாகும். பயணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு. நோற்றவராயின் சென்னை நேரம் பார்த்து இப்தார் செய்யலாகாது. சன்னலுக்கு வெளியே சூரியன் தெரியும்வரை நோன்பு முடியவில்லை.

திரும்பும் வழியில் இதற்கு நேர்மாறு. கிழக்கு நோக்கிப் பறக்கையில் பகல் சுருங்குகிறது. ஜித்தாவில் நண்பகலில் ஏறியவருக்கு அஸரும் மக்ரிபும் ஆகாயத்திலேயே வந்து விரைந்து போகும். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹருடன் அஸரைச் சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறலாம். ஹனஃபி மத்ஹபினர் நேரம் தவறாமல் விமானத்திலேயே தொழ வேண்டும். உளூவுடன் ஏறுவது இருவருக்கும் எளிது. விமானத்துக் கழிவறையில் தண்ணீரும் குறைவு, இடமும் குறைவு.