பல்லாவரத்துக் கல்லுக்கு யார் பெயர்?

சென்ற வாரம் பினாங்கு மலையின் வெளிர்சாம்பல் கிரானைட்டைப் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடக் கறுத்த, வயதிலும் பல மடங்கு மூத்த ஒரு கல். சென்னையின் பரங்கிமலையும் பல்லாவரக் குன்றுகளும் இந்தப் பாறையால் ஆனவை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பார்வைக்குத்தான் கறுப்பு. உள்ளே குவார்ட்சும் பெல்ஸ்பாரும் நிறைந்த கிரானைட் வகை இது. ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்திருப்பதே இதன் அடையாளம். ஊரார் கருங்கல் என்பார்கள், நிலவியலார் சார்னோகைட் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவர் ஜாப் சார்னாக் 1690களில் இறந்தபோது, அவருடைய கல்லறைக்குப் பலகையானது சென்னைப் பக்கத்துக் கல். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அந்தப் பலகையை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, புதைக்கப்பட்டவரின் பெயரையே 1893இல் பாறைக்குச் சூட்டினார். கல் பிறந்த மண்ணை மறைக்கும் பெயர் இது. பல்லாவரத்தின் பெயரே அதற்கு உரியது என்பது என் வாதம்.

பொருளற்ற பெயர்தான் அறிவியலுக்கு நல்லது என்று சிலர் மறுப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இது நெருப்புக் குழம்பு ஆறி உருவான பாறை என்றார் ஹாலந்து. 1960இல் நிலவியலாளர் பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல் என்ற ஊரில், வெளிறிய நைஸ் பாறை திட்டுத் திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதைக் காட்டினார். குழம்பிலிருந்து வந்ததும் உண்டு, ஆழத்து வெப்பத்தில் உருமாறியதும் உண்டு என்பதே இன்றைய நிலை. பிறப்பைச் சொல்லும் பெயராக வைத்திருந்தால் அது பாதி பொய்த்திருக்கும். ஆனால் ஊர்ப்பெயருக்கும் அந்தக் காப்பு உண்டே! ஆண்டீஸ் மலையின் பெயரைத் தாங்கிய ஆண்டிசைட்டை எந்தக் கொள்கை மாற்றமும் அசைக்கவில்லை. இதே ஹாலந்து 1901இல் அன்றைய கோவை மாவட்டத்துப் பாறைத் தொகுதி ஒன்றைச் சிவமலைத் தொகுதி என்றே அழைத்தார். ஆக, ஊர்ப்பெயர் வைக்கும் வழக்கம் அவர் அறியாததல்ல. கல்கத்தாவை நிறுவியவர் என்ற மரியாதைக்காகச் சார்னாக்கைத் தேர்ந்தார். அந்தக் காரணமும் நிற்கவில்லை. நகரத்தை நிறுவியவர் அவரல்ல என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் சொல்லிவிட்டது.

நூறாண்டு கடந்து ஊன்றிவிட்ட பெயரை அசைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. சுங்கை பாக்காப் வாசகர்களுக்கு இதற்கு விடை தெரியும். நம் ஊர் இருக்கும் நிலப்பகுதியே கம்பெனியின் தலைமை ஆளுநர் வெல்லஸ்லி பெயரில்தான் நெடுங்காலம் வழங்கியது. இன்று அது செபராங் பிறை. வரைபடத்தில் முடிந்தது அறிவியலில் அவ்வளவு எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலங்கை முதல் அண்டார்டிக்கா வரை இந்தப் பாறையைப் பற்றி எழுதிய ஆய்வுகளெல்லாம் சார்னோகைட் என்ற சொல்லில்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. அதை அழித்தால் தேடுபவருக்கு வழி அறுந்துபோகும். அதனால் சொல்லை நீக்கச் சொல்லவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக ஏற்கெனவே அறிவித்திருக்கிறது. இடத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பு பெயரிலும் தெரிய, தமிழில் நிலவியல் எழுதுவோர் முதலில் பல்லாவரக் கல் என்று எழுதி, பிறகு சார்னோகைட் என்று சேர்க்கட்டும். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.