மருந்துப் பெட்டியைத் துழாவும் கணினி

சிமெட்டிடின் என்றொரு மாத்திரை உண்டு. 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைத்து அல்சரை ஆற்றுவது அதன் வேலை. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். பின்னால் வந்த ரானிடிடினும் ஒமிப்ரசோலும் சிமெட்டிடினை மருந்துக்கடையின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டன. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதன் பெயர் எதிர்பாராத ஒரு பட்டியலில் வந்து நின்றது: நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான அடினோகார்சினோமாவுக்கு எதிராகச் சோதித்துப் பார்க்கத் தகுந்த மருந்துகள். பட்டியலைப் போட்டது ஒரு கணினி நிரல். அதற்கு அல்சர் என்றால் என்னவென்று தெரியாது. நுரையீரலும் தெரியாது. அதன் முன்னால் இருந்தவை வெறும் எண்கள்.

அந்த எண்களும் புதிதாக அளந்தவை அல்ல. அதுல் பட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், உலகெங்கும் ஆய்வாளர்கள் வேறு வேறு காரணங்களுக்காக அளந்து பொதுத் தரவுக் களஞ்சியங்களில் போட்டு வைத்திருந்தவற்றையே இறக்கிக்கொண்டார்கள். யாரோ எப்போதோ வெளியிட்டுவிட்டு மறந்துபோன கோப்புகளிலிருந்து மருந்து தேடலாம் என்ற எண்ணமே எனக்கு இதில் முதல் வியப்பு.

அந்த எண்கள் எதைச் சொல்கின்றன? நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சில மும்முரமாக இயங்கும், சில அடங்கிக் கிடக்கும். எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவுக்கு ‘மரபணு வெளிப்பாடு’ என்று பெயர். கல்லீரல் செல்லுக்கு ஒரு கணக்கு, மூளை செல்லுக்கு இன்னொரு கணக்கு. ஒரு செல் புற்றாக மாறும்போது இந்தக் கணக்கு குலைகிறது. அடங்கியிருக்க வேண்டிய சில நூறு மரபணுக்கள் எழுகின்றன, எழுந்திருக்க வேண்டியவை அடங்குகின்றன. ஏறியவை எவை, இறங்கியவை எவை என்று எழுதினால் அது அந்த நோயின் ‘மரபணுக் கையொப்பம்’.

மருந்துக்கும் இப்படி ஒரு கையொப்பம் உண்டு. ஆய்வகத்தில் வளரும் செல்களின் மேல் ஒரு மருந்தை விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதுவும் சில மரபணுக்களை ஏற்றியிருக்கும், சிலவற்றை இறக்கியிருக்கும். கணினி செய்வது இதுதான்: நோயின் கையொப்பத்துக்கு நேர் எதிராக இருக்கும் மருந்துக் கையொப்பத்தைத் தேடுகிறது. நோய் ஏற்றியதை மருந்து இறக்க வேண்டும், நோய் இறக்கியதை மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்து முதலில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பற்றி நிரலுக்குக் கவலையே இல்லை. மருத்துவர்கள் கனவிலும் சேர்த்துப் பார்க்காத இரண்டைச் சேர்த்துப் பார்க்க அந்த அறியாமைதான் உதவியது.

ஸ்டான்ஃபோர்டு குழு 100 நோய்களை 164 மருந்துகளோடு இப்படி ஒப்பிட்டது. 16,400 ஜோடிகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால்கூட, 16,400இல் 820 ஜோடிகள் சும்மாவே பொருந்தியதுபோலத் தோன்றும். அதனால் கணினியை அதன் சொந்தக் கண்டுபிடிப்பையே சந்தேகிக்க வைக்கிறார்கள். தரவுகளைக் கண்டபடி கலைத்துப்போட்டு, அர்த்தமில்லாத அந்தக் குழப்பத்திலும் இதே அளவு நல்ல பொருத்தம் கிடைக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். கிடைத்தால் அந்த ஜோடியை நம்புவதற்கில்லை.

சிமெட்டிடின் இந்தச் சல்லடையிலும் தங்கியது. பிறகு எலிகள். மனித நுரையீரல் புற்றுசெல்களைச் சுமந்த எலிகளுக்கு அல்சர் மருந்தைக் கொடுத்தபோது கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. மருந்தைக் கூட்டினால் வளர்ச்சி இன்னும் குறைந்தது. சிறுநீரகப் புற்றுக்கு இது உதவும் என்று கணினி சொல்லியிருக்கவில்லை. அதையும் சோதித்தார்கள். உதவவில்லை. என் கணக்கில் இரண்டாவது முடிவுதான் பெரியது. எல்லாச் செல்லையும் கொல்லும் நஞ்சைக் கண்டுபிடிக்கக் கணினி எதற்கு? எங்கே வேலை செய்யாது என்பதையும் சேர்த்துச் சொன்னதால்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு.

அந்த 164 மருந்துகளின் கையொப்பங்கள், பாஸ்டன் பக்கத்திலுள்ள பிராட் ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘கனெக்டிவிட்டி மேப்’ என்ற தொகுப்பிலிருந்து வந்தவை. 164 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் அதைப் பெருக்க, ஒவ்வொரு முறையும் எல்லா மரபணுக்களையும் அளப்பதென்றால் செலவு கட்டுப்படியாகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை அங்கே கணிதமாக்கினார்கள். மரபணுக்கள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குபவை. ஒன்று ஏறினால் அதோடு சேர்ந்து ஏறுபவை எவையென்று பழைய தரவுகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அப்படிச் சலித்துத் தேர்ந்த 978 மரபணுக்களை மட்டும் அளந்தால், அளக்காதவற்றில் ஐந்தில் நான்கு பங்கை நம்பகமாகக் கணித்துவிட முடிந்தது.

அளக்கும் விதம் இன்னும் அழகு. நுண்ணிய வண்ண மணிகள் ஒவ்வொரு மரபணுவின் செய்தியையும் பிடித்துக்கொள்ளும். மணியின் நிறத்தைப் பார்த்து எந்த மரபணு என்று கருவி அறியும். சிக்கல் என்னவென்றால் கருவிக்குத் தெரிந்த நிறங்கள் 500 மட்டுமே, மரபணுக்களோ ஏறக்குறைய ஆயிரம். ஒரே நிறத்தை இரண்டு மரபணுக்களுக்குக் கொடுத்தார்கள், ஆனால் சமமாகக் கொடுக்கவில்லை. முதலாவதற்கு இரண்டு பங்கு மணிகள், அடுத்ததற்கு ஒரு பங்கு. கருவியின் வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெரியும். பெரிய மேடு முதல் மரபணுவுடையது, சிறியது மற்றதுடையது. இப்படிப்பட்ட தந்திரங்களால் ஒரு சோதனைக்கான ரசாயனச் செலவு ஏறக்குறைய 2 டாலருக்கு இறங்கியது. 2017இல் அந்தத் தொகுப்பில் 13 லட்சத்துக்கும் அதிகமான அளவீடுகள் இருந்தன. கையில் இருக்கும் நோய்க் கையொப்பத்தை, அவற்றிலிருந்து வந்த மருந்துக் கையொப்பங்களோடு இன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய மருந்துக்குப் புதிய வேலை தேடும் இந்தத் துறைக்கு ‘மருந்து மறுபயன்பாடு’ என்று பெயர். கையொப்பம் அதில் ஒரு பாதை மட்டும். இன்னொரு பாதையில் கணினி புரதத்தின் வடிவத்தைப் பார்க்கிறது. புற்றைத் தூண்டும் புரதத்தின் மேல் பள்ளங்களும் மடிப்புகளும் இருக்கும். மருந்து மூலக்கூறைத் திரையில் புரட்டி, திருப்பி, வளைத்து அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்து, எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று நிரல் மதிப்பெண் போடும். இதற்குப் புரதத்தின் வடிவம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வடிவ மாதிரி நம்பத்தக்கதா என்று பார்க்க உலகெங்கும் முதலில் எடுக்கும் கருவிகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரில் அது இன்றும் புழங்குகிறது. 2022இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு 20 கோடிப் புரதங்களின் வடிவங்களைக் கணித்துக் கொட்டியதே, அந்த வடிவங்களும் இடித்துக்கொள்ளாத அதே கோணங்களுக்கு உட்பட வேண்டியவைதான்.

கணிப்பு எல்லாம் சரி, நேராகச் சோதித்தால் என்ன? பிராட் நிறுவனம் அதையும் செய்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. 4,518 மருந்துகள், 578 வகைப் புற்றுசெல்கள். பெருக்கினால் 26 லட்சத்துக்கும் மேல். நிமிடத்துக்கு ஒன்றாக இரவு பகல் பார்க்காமல் சோதித்தாலும் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதனால் ஒவ்வொரு செல்வகையின் மரபுப்பொருளிலும் 24 எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ பார்கோடைச் செருகினார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட வகைகளை ஒரே குழியில் கலந்து வளர்த்து, மருந்தைச் சொட்டி, ஐந்து நாள் கழித்துப் பார்கோடுகளை எண்ணினார்கள். எந்தப் பார்கோடு குறைந்திருக்கிறதோ அந்த வகை செத்திருக்கிறது.

புற்றுநோய்க்கென்று செய்யப்படாத ஏறக்குறைய 50 மருந்துகள் சில புற்றுசெல்களைக் கொன்றன. அவற்றில் ஒன்று டெபாக்சலின், நாய்களின் மூட்டுவலிக்கான மருந்து. சில புற்றுசெல்கள் தமக்குள் வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ள ஒரு பம்பு வைத்திருக்கின்றன. எம்டிஆர்1 என்ற புரதம் அது. பல கீமோதெரபி மருந்துகளைத் தோற்கடிப்பது அதுதான். டெபாக்சலினோ அந்தப் பம்பு அதிகமாக இருக்கும் செல்களையே தேடிக் கொன்றது. புற்றின் கவசமே அதன் பலவீனமாயிற்று. இன்னொன்று, குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம். ரப்பரைப் பதப்படுத்தும் தொழிலில் புழங்கிய ரசாயனம் அது, குடிநோய்க்கு வந்ததே இடையில்தான். உலோகங்களைக் கட்டிப்பிடிக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம் குறைவாக உள்ள செல்களை அது கொன்றது, மற்றவற்றை விட்டுவைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குழியில் செத்த செல் வேறு, பிழைத்த மனிதர் வேறு. 2013இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழு, மிகக் கொடிய சிறுசெல் நுரையீரல் புற்றுக்கு இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கணினிவழிக் கண்டுபிடித்தது. காரணமும் பொருந்தி வந்தது. இந்தப் புற்றுசெல்கள் நரம்புசெல்களின் சாயல் கொண்டவை. நரம்புச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளை மேலே வைத்துக்கொண்டு, தாமே சுரந்த செய்தியைத் தாமே வாங்கி உயிர்வாழ்பவை. மருந்து அந்த ஏற்பிகளை அடைத்தது. எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி தடைபட்டது. இமிப்ரமினின் நெருங்கிய உறவான டெசிப்ரமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. ஆய்வு பாதியில் நின்றது.

மெட்ஃபார்மின் கதை இன்னும் பெரியது. அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று 2005இல் ஸ்காட்லாந்துத் தரவுகள் சொன்னபோது உலகமே பரபரத்தது. ஆனால் இப்படிப்பட்ட தரவுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏமாற்று ஒளிந்திருக்க முடியும். ஐந்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டவர் என்று ஒருவரைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், அவர் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்திருக்க வேண்டும். அந்த ஆயுளை மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துவிட்டால் எந்த மாத்திரையும் அமுதமாகத் தெரியும். ஆய்வகத்திலும் ஒரு கோளாறு. பல சோதனைகளில் செல்களின் மேல் ஊற்றிய மெட்ஃபார்மினின் செறிவு, மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். கடைசியில், சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை.

நாய்களுக்கான பூச்சி மருந்து புற்றைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் அளவுக்கு நம்பிக்கை தந்த மருந்துகள் குறைவு. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் கிடைப்பதும் எளிதல்ல. காப்புரிமை காலாவதியான மாத்திரையில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய லாபம் இல்லை.

அப்படியும் ஒன்று வென்றிருக்கிறது. பெருங்குடல் புற்று வந்தவர்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தவர்களின் பழைய பதிவுகளை 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மரபணு வாரியாகப் பிரித்தார்கள். எல்லாரையும் ஒன்றாகப் போட்டால் தெளிவில்லாத பலன், பிஐகே3சிஏ என்ற ஒரு மரபணு மாறியிருந்தவர்களிடம் பளிச்சென்று தெரிந்தது. தரவு சொன்னதை ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து மருத்துவமனைகள் முறையாகச் சோதித்தன. கட்டியை அறுவை செய்து நீக்கிய பிறகு, அதில் இந்த மரபணுவோ அதோடு சேர்ந்து இயங்கும் மரபணுக்களோ மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். 100 பேரில் 37 பேரிடம் மாறியிருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை, மூன்று ஆண்டுகள். 2025இல் முடிவு வெளியானது. பிஐகே3சிஏ மரபணுவின் குறிப்பிட்ட இடங்களில் மாற்றம் கொண்ட பிரிவில், வெற்று மாத்திரைக்காரர்களில் 14.1 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது, ஆஸ்பிரின்காரர்களில் 7.7 விழுக்காட்டினருக்கு. ஏறக்குறையப் பாதி. ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாத மருந்துதான் இதுவும். ஆனாலும் இந்தச் சிகிச்சையில் விலை உயர்ந்த பகுதி மருந்து அல்ல. கட்டியின் மரபணுவை ஒருமுறை பார்க்க ஆகும் செலவு மூன்று ஆண்டு மாத்திரைக்கு ஆகும் செலவைவிட அதிகம்.