மூளையில் முளைக்கும் புதுக் கன்றுகள்

வளர்ந்துவிட்ட மூளையில் புது நரம்பணு பிறக்காது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1960களில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய அணுக்களைக் கண்டார்; பலர் ஏற்கவில்லை. 1998இல் மனித மூளையிலும், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், அவை தென்பட்டன. மனிதருக்கு எவ்வளவு பிறக்கின்றன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டங்களில் நர்சரி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்பனை விதை முளைப்பது வேறு, முளைத்த கன்று பிழைப்பது வேறு. மூளையிலும் அப்படித்தான். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குச் சுரக்கும் தூதுப் பொருள்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2002இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விதிதா வைத்யா குழுவினர் எலி மூளையில் நோர்அட்ரினலின் என்ற தூதுப் பொருளைக் குறைத்துப் பார்த்தனர். புதிதாகப் பிறக்கும் அணுக்கள் குறைந்தன. பிறந்தவை பிழைப்பதும் முதிர்வதுமோ வழக்கம்போலவே நடந்தன. ஆக, இந்தத் தூதின் வேலை முளைப்போடு சரி.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் பல, செரட்டோனின், நோர்அட்ரினலின் போன்ற தூதுகளைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடுகின்றன. மனம் தெளியவோ வாரக்கணக்கில் ஆகிறது. புது நரம்பணு முதிர வாரங்கள் பிடிப்பதும் ஒரு காரணமாகலாம் என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. “நாலு நாள் விழுங்கியும் குணமில்லையே” என்று வீட்டில் யாரேனும் மாத்திரையை ஒதுக்கினால், தாமாக நிறுத்த விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். இன்னும் எத்தனை வாரம் என்று அவரையே கேட்போம்.